ஏணி ஏறாமல் ஓர் ஒளி வளைவு

நத்தாருக்கு ஆலயத்து முகப்பில் என்ன சோடனை செய்வது என்ற பேச்சு வாலிபர் கூட்டத்தில் செப்டெம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடும். கூரை விளிம்பு முழுவதும் விளக்குத் தொங்கவிட வேண்டும் என்பார் ஒருவர். முன்னால் நிற்கும் மேப்பிள் மரத்தை உச்சி வரை சுற்ற வேண்டும் என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் ஏணி வேண்டும். ஏணியில் ஏறப்போவது யார் என்று யாரும் கேட்பதில்லை. நவம்பர் கடைசியில், முதல் பனி விழுந்த பிறகு, "தள்ளுங்கோ தம்பி, நான் ஏறுறன்" என்று அறுபது வயது மாமா ஒருவர் முன்வருவார். எல்லாரும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

எலும்பு முறிவுப் பிரிவில் வேலை செய்கிற ஒரு தாதியாக, அந்த மாமா விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உயரத்திலிருந்து விழுபவர் காலூன்றி விழுந்தால் குதிக்கால் எலும்பு நொறுங்கும். அந்த அதிர்ச்சி மேலே ஏறி இடுப்பருகே முதுகெலும்பையும் உடைக்கக்கூடும். அதனால்தான் குதிக்கால் உடைந்து வருகிறவரின் முதுகையும் மருத்துவர்கள் படமெடுத்துப் பார்க்கிறார்கள். கையூன்றி விழுந்தால் மணிக்கட்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறவர் தலை அடிபட விழுந்தால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் உள்ளே இரத்தம் கசியலாம். எங்கள் சபைகளில் அந்த மாத்திரை எடுக்கும் மாமாமார் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இந்த வருடம் வேறொன்றைக் கட்டுவோம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். ஆலயத்து நடைபாதைக்கு மேலே எட்டு அடி உயரத்தில் ஓர் ஒளி வளைவு. தொடக்கம் முதல் முடிவு வரை நிலத்தில் நின்றபடியே அதைச் செய்யலாம்.

ஏன் வளைவு?

வரவேற்பு என்றாலே எங்களுக்கு வாசல்தான் நினைவு வரும். ஊரில் வாழைமரம் கட்டி, தென்னங்குருத்துத் தோரணம் தொங்கவிட்டு, பெரிய நாட்களில் அலங்கார வளைவும் நிறுத்துவோம். கூரையில் தொங்கும் விளக்கை றோட்டிலிருந்து பார்த்துவிட்டுப் போகலாம். வளைவோ ஆளை உள்ளே வரச் சொல்கிறது. இதுவரை ஆலயத்துக்குள் வராத அயல் வீட்டுக்காரரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதன் கீழே நடந்து பார்ப்பார்.

நாம் வாழும் ரொறன்ரோவுக்கும் வளைவுகள் புதியவை அல்ல. நகரசபைக்கு முன்னால் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில், பனிச்சறுக்குத் தடாகத்துக்கு மேலே மூன்று கொங்கிறீற் வளைவுகள் நிற்கின்றன. புதிய நகரசபைக் கட்டடத்தை மக்களுக்குக் காட்டுவதற்காக 1967இல் அந்தச் சதுக்கத்தில் குளிர்கால ஒளிவிழா தொடங்கியது. இன்றும் பல தமிழ்க் குடும்பங்கள் டிசம்பரில் ஒரு மாலையாவது அங்கே போய்ப் படமெடுத்து வருகின்றன.

ஜப்பானின் கோபே நகரத்து வளைவுகளுக்கு வேறொரு கதை உண்டு. 1995 ஜனவரி 17 அதிகாலை அங்கே நிலநடுக்கம் வந்தது. அந்தப் பேரழிவில் 6,400க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதே வருடம் டிசம்பரில் நகரத்தார் வீதி நெடுக ஒளி வளைவுகளை நிறுத்தினார்கள். தென் இத்தாலியில் தேவாலயத் திருநாட்களுக்கு மரச்சட்டத்தில் விளக்குக் கட்டி நிறுத்தும் வழக்கத்தைப் பின்பற்றிய வளைவுகள் அவை. இறந்தவர்களை நினைப்பதற்கும், உயிரோடு இருப்பவர்கள் தைரியம் கொள்வதற்கும் ஏற்றப்பட்ட விளக்குகள். வீடு இழந்தவர்களும் உறவை இழந்தவர்களும் அவற்றின் கீழே நடந்து போனார்கள். விளக்கு வளைவு வெறும் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

குழாயும் அளவும்

வளைவின் எலும்பு முக்கால் அங்குலப் பி.வி.சி குழாய். கடையில் அது 10 அடி நீளத்தில் கிடைக்கும். ஒரு வளைவுக்கு இரண்டு குழாய் போதும், மொத்தம் 20 அடி. அடிப்பகுதிகள் இரண்டுக்கும் இடையே 7 அடி விட்டு வளைத்தால் உச்சி ஏறத்தாழ 8 அடி உயரத்தில் வரும். கணக்கு இதுதான்: 7 அடி அகலமான அரைவட்டத்துக்கு 11 அடி குழாய் போகும். மீதி 9 அடியைப் பாதி பாதியாகப் பிரித்தால் காலுக்கு நாலரை அடி. நாலரையும், வட்டத்தின் ஆரமான மூன்றரையும் சேர்ந்து எட்டு. உண்மையில் குழாய் கவராயத்தில் வரைந்ததுபோல வளையாது, ஓரிரு அங்குலம் கூடிக் குறையும். அது பரவாயில்லை.

இரண்டு குழாயை நடுவில் பொருத்தினால் மூட்டு உச்சியில் வரும். அதிகமாக வளையும் இடம் அதுதான், முறிவதும் அங்கேதான். அதற்குப் பதில் ஒரு குழாயை முழுதாக நடுவில் வைத்து, மற்றதை ஐந்தடியாக இரண்டு துண்டாக்கி இரு பக்கமும் பொருத்துங்கள். மூட்டுகள் தோள் உயரத்துக்கு இறங்கிவிடும்.

பி.வி.சி குளிரில் விறைத்து நொறுங்கும் பொருள். ஒக்டோபரில் இலகுவாக வளையும் குழாய், டிசம்பரில் வெளியே வைத்து வளைத்தால் வெடிக்கும். துண்டுகள் கண்ணுக்கு ஆபத்து. ஆகவே வளைக்கும் வேலையை ஒக்டோபரில் முடியுங்கள். குழாய் வெட்டும்போதும் வளைக்கும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

தனி வளைவு காற்றுக்குச் சரியும். கயிறு கட்டி நிறுத்தினால் இருட்டில் பிள்ளைகள் அதில் தடுக்கி விழுவார்கள். ஆகவே ஒன்றின் பின் ஒன்றாக மூன்றடி இடைவெளியில் இரண்டு வளைவு நிறுத்தி, குறுக்கே ஐந்து குழாய்த் துண்டுகளால் இணைத்துவிடுங்கள். ஒன்றை ஒன்று தாங்கும். பார்ப்பதற்கும் சிறு மண்டபம்போல இருக்கும்.

காலுக்கு மூன்றடி நீளமான அரை அங்குல இரும்புக் கம்பி. பாதியை நிலத்துக்குள் அடித்து, மற்றப் பாதியின் மேல் குழாயைச் செருக வேண்டும். அடிக்கும் முன் இரண்டு காரியம். நிலம் உறைவதற்கு முன்னரே அடிக்க வேண்டும். அதற்கும் முன்னதாக ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவிக்க வேண்டும். நிலத்தடியில் வாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று இலவசமாக அடையாளமிட்டுத் தருவார்கள். நிலத்தைத் தோண்டுவதற்கு முன் அவர்களுக்கு அறிவிப்பது இந்த மாகாணத்தில் சட்டம். நாட்கள் எடுக்கும் என்பதால் ஒக்டோபரிலேயே கேட்டுவிடுங்கள்.

ஸ்ட்ரிப்பைத் தெரிந்தெடுத்தல்

மின்விளக்கால் கிறிஸ்மஸ் மரம் அலங்கரிக்கும் வழக்கம் 1882இல் நியூயோர்க்கில் தொடங்கியது. எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜோன்சன் தன் வீட்டு மரத்தில் 80 சிறு குமிழ்களைக் கட்டினார். ஒளி உமிழும் சில்லான எல்.ஈ.டி வெகு பின்னால் வந்தது. சிவப்பு ஒளி தருவதை 1962இல் நிக் ஹொலொன்யாக் செய்தார். பிரகாசமான நீலம் 1990களின் தொடக்கம் வரை கைகூடவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை. அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் சில மீற்றர் வாங்கிச் சுருட்டி வைக்கும் ஸ்ட்ரிப்புக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

நாம் வாங்க வேண்டியது 12 வோல்ட்டில் இயங்குவதும், நிறத்தைத் துண்டு துண்டாக மாற்றக்கூடியதுமான ஸ்ட்ரிப். கடையில் டபிள்யூ.எஸ். 2811 என்று கேளுங்கள். மீற்றருக்கு 60 எல்.ஈ.டி இருக்கும். மூன்று மூன்றாகச் சேர்ந்து ஒரு புள்ளியாக எரியும். ஒரு வளைவின் 20 அடிக்கு 6 மீற்றர் தேவை, அதாவது 120 புள்ளிகள். ஸ்ட்ரிப் பொதுவாக ஐந்து மீற்றர்ச் சுருளாகத்தான் வரும். மூன்று மூன்று மீற்றராக இரண்டு துண்டு வெட்டி உச்சியில் இணையுங்கள். குறித்த கோட்டில் மட்டுமே வெட்டலாம். ஸ்ட்ரிப்பில் அச்சிட்ட அம்புக்குறி காட்டும் திசையிலேயே கட்டளை ஓடும். முதல் துண்டின் அம்பு மேல்நோக்கியும், இரண்டாவது கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். மாறினால் பாதி வளைவு எரியாது.

மழையும் பனியும் படுவதால் ஐ.பி. 67 என்று குறித்த, சிலிக்கன் உறைக்குள் இருக்கும் ஸ்ட்ரிப் தேவை. பால்வெள்ளை உறையானால் இன்னும் நல்லது. ஒளி கண்ணில் குத்தாமல் பரவும், பக்கத்திலிருந்தும் தெரியும். ஸ்ட்ரிப்பை வளைவின் உட்பக்கம் வைத்துக் கட்டுங்கள். அப்போது வெளிச்சம் நடைபாதையில் விழும். பனி உறைந்த தரையில் அம்மம்மா கால் வைக்கும் இடம் அவருக்குத் தெரியும். ஸ்ட்ரிப்பின் பின்னாலுள்ள பசையை நம்ப வேண்டாம். குளிரில் அது விட்டுவிடும். ஒரு அடிக்கு ஒன்றாகக் கறுப்பு பிளாஸ்ரிக் கட்டுப்பட்டி போடுங்கள்.

மின்சாரக் கணக்கு

இந்த ஸ்ட்ரிப் முழு வெள்ளையில் மீற்றருக்கு ஏறத்தாழ 14.4 வாட் எடுக்கும். ஒரு வளைவுக்கு 86 வாட், இரண்டுக்கும் 172. பழைய ஏழு வாட் குமிழ்கள் 25 கோத்த ஒரே ஒரு மாலை 175 வாட் எடுத்தது. அந்த ஒரு மாலைக்குப் போன மின்சாரத்தில் 720 எல்.ஈ.டிக்களை எரிக்கலாம். மின்மாற்றிப் பெட்டியை அதன் வலுவில் 80 வீதத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஆகவே 172ஐ 0.8ஆல் வகுத்து, 215க்கு மேல் கிடைக்கும் அளவாகிய 240 வாட் பெட்டி வாங்குங்கள்.

ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மின் கொடுத்தால் தொலைவில் அழுத்தம் குறையும். வெள்ளை விளக்குக் கடைசியில் மஞ்சளாகிச் சிவக்கும். ஆகவே வளைவின் இரு கால்களிலும் மின் கொடுக்க வேண்டும். அதற்காக நடைபாதைக்குக் குறுக்கே வயர் இழுக்காதீர்கள். குழாயை வளைக்கும் முன்னரே அதன் உள்ளே 14 இலக்க வயரைச் செலுத்தி, நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் சிறு துளை வழியே வெளியே எடுங்கள். வயர் தலைக்கு மேலால் போகும், காலில் தட்டாது. ஒவ்வொரு காலுக்கும் போகும் வயரில் ஐந்து அம்பியர் பியூஸ் ஒன்று வையுங்கள். பன்னிரண்டு வோல்ட் ஆளை அடிக்காது, ஆனால் இரண்டு முனை முட்டினால் வயர் சூடேறித் தீப்பிடிக்கும்.

உயிரை எடுக்கக்கூடியது மின்மாற்றிப் பெட்டிக்கு முந்திய 120 வோல்ட் பக்கம். வெளிச் சொக்கட்டில் சோதனை பொத்தானும் மீள்பொத்தானும் உள்ள ஜி.எஃப்.சி.ஐ இருக்கிறதா என்று பாருங்கள். போகும் மின்னும் திரும்பும் மின்னும் சமமா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். ஐந்து மில்லி அம்பியர் அளவு வேறு வழியில் கசிந்தாலும் கணப்பொழுதில் துண்டித்துவிடும். கட்டடத்துக்குள் இருக்கும் 15 அம்பியர் பிரேக்கர் அதைச் செய்யாது. அது வயரைக் காப்பது. ஈரக்கையோடு நிற்கும் மனிதரை நிறுத்தக்கூடிய மின், அந்தப் பிரேக்கரை அசைக்கவே மாட்டாது. மாதம் ஒருமுறை சோதனை பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

மின்மாற்றிப் பெட்டி வெளியிடத்துக்கு ஏற்றதாகவும், கனடாவில் ஏற்கப்பட்ட சி.எஸ்.ஏ போன்ற தரக்குறி உள்ளதாகவும் இருக்கட்டும். அடையாளமில்லாத மலிவுப் பெட்டியை ஆலயச் சுவரில் மாட்டாதீர்கள். 120 வோல்ட் பக்கம் ஏதாவது புதிதாக இணைக்க வேண்டுமானால் உரிமம் பெற்ற மின்வினைஞரைக் கூப்பிடுங்கள். பன்னிரண்டு வோல்ட் பக்கம்தான் உங்களுடைய வேலை.

பற்றாசு வைக்கும்போது கை சுட்டால், குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, தேங்காய் எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். யாருக்காவது மின் பாய்ந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். நிறுத்தும் வரை அவரைத் தொடாதீர்கள். பிறகு 911. எழுந்து நடந்தாலும் 120 வோல்ட் பட்டவரை மருத்துவர் பார்க்க வேண்டும். இதயத்தின் துடிப்பு ஒழுங்கு பிந்தியும் குழம்பலாம்.

கண் சிமிட்டும் வேகம்

விளக்கை நடத்துவதற்குக் கைபேசியிலிருந்து இயக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி போதும். டபிள்யூ-எல்.ஈ.டி என்ற இலவச மென்பொருள் அதில் ஓடும். பன்னிரண்டு வோல்ட்டை நேரடியாக ஏற்கும் தயாரான பெட்டியாக வாங்கினால் வேலை குறைவு. பாட்டுக்கு ஏற்ப ஒளியை ஆட்ட விரும்புகிறவர்கள் எக்ஸ்-லைட்ஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளைக் கற்கலாம். இரண்டையும் நமது பதினைந்து வயதுப் பிள்ளைகள் என்னைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் ஒரு விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில், மினுங்கும் ஒளியாலேயே வலிப்பு வரக்கூடியவர்கள். சிறுவரிடமும் பதின்ம வயதினரிடமும் இது அதிகம். சிலருக்கு அப்படி ஒன்று இருப்பதே முதல் வலிப்பு வரும்வரை தெரியாது. 1997 டிசம்பர் 16இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் போக்கிமொன் கார்ட்டூனின் ஒரு பகுதி ஓடியது. அதில் சிவப்பும் நீலமும் செக்கனுக்குப் பன்னிரண்டு தடவையளவில் மாறி மாறி மின்னின. அன்றிரவு 600க்கும் அதிகமான பிள்ளைகள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

ஆகவே செக்கனுக்கு மூன்று தடவைக்கு மேல் எதுவும் மின்னக்கூடாது. மென்பொருளில் ஸ்ட்ரோப் என்று பெயருள்ள எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். சிவப்பை வேகமாக மாற்றவே வேண்டாம். மெல்ல ஏறி இறங்கும் ஒளி, வளைவு நெடுக ஊர்ந்து போகும் ஒளி இவையே அழகு. மறதி நோய் உள்ள பெரியவர்களையும் அது குழப்பாது. பிரகாசத்தைப் பாதியாக வைத்தாலே இருட்டில் தாராளம். அப்படியும் யாருக்காவது வலிப்பு வந்தால் விளக்கை நிறுத்தி, அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே ஒரு ஜக்கெற் வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு கொடுக்காதீர்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது அது அவருக்கு முதல் வலிப்பானால், 911.

யாரெல்லாம் நடப்பார்கள்?

கட்டி முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒருவரைச் சக்கர நாற்காலியில் இருத்தித் தள்ளிக்கொண்டு வளைவுக்குள்ளால் போங்கள். பிறகு வோக்கர், பிறகு இரட்டைப் பிள்ளைத் தள்ளுவண்டி. கால்கள் 7 அடி அகலத்தில் நிற்பதால் இடம் தாராளமாக இருக்கும். எதிரே ஒருவர் வந்தாலும் விலகலாம். பனி பெய்த ஞாயிறு காலையில் வளைவுக்குக் கீழேதான் முதலில் பனி வழித்து உப்புப் போட வேண்டும். ஆட்கள் மேலே பார்த்துக்கொண்டு நடக்கும் இடம் அது. பனிச் சவளுக்கு ஸ்ட்ரிப்பும் வயரும் அகப்படாதபடி கால்களில் ஒரு பிரகாசமான பட்டி சுற்றி வையுங்கள்.

நான்கு ஞாயிறும் ஓர் இரவும்

இனி அந்த 120 புள்ளிகளுக்கு வருவோம். வளைவின் ஒவ்வொரு பக்கத்திலும் 60. வருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, இரு கால்களிலும் கீழிருந்து 12 புள்ளிகளை மட்டும் ஊதா நிறத்தில் ஏற்றுங்கள். அடுத்த ஞாயிறு 24, மூன்றாம் ஞாயிறு 36, நான்காம் ஞாயிறு 48. இரண்டு பக்கமும் வாரத்துக்கு வாரம் மேலே ஏறும். ஆனால் உச்சியில் ஓர் இடைவெளி இருட்டாகவே இருக்கும். நத்தார் இரவு ஆராதனைக்கு எல்லாரும் வரும்போது மீதிப் பன்னிரண்டும் பன்னிரண்டும் எரிந்து, இரண்டு பக்கமும் ஒன்றாகி, வளைவு முழுவதும் வெள்ளையாகட்டும். காத்திருப்பு என்றால் என்ன என்று ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தனியாக விளக்கம் சொல்லத் தேவையில்லை. மூன்றாம் வாரமே "எப்ப மேல பத்தும்?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த இரவில் பொத்தானை அழுத்துவதற்கு, ஏணி ஏற முன்வந்திருக்கக்கூடிய மாமாவையும் சபையின் மூத்த அம்மாவையும் கூப்பிடுங்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்காக மின்சாரம் இல்லாதிருந்தபோது, ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெயும் திரியும் போட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்த தலைமுறை அது. அவர்களைத்தான் இங்கே நாம் பனியில் ஏணியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் நிலத்தில் நிற்கட்டும். ஒரு விளக்கை எவ்வளவு சிக்கனமாக எரிப்பது என்று கேட்டால் உங்களுக்குச் சொல்வார்கள். கம்பி அடிப்பதையும் குழாய் தாங்குவதையும் அவர்கள் மேற்பார்வை பார்க்கட்டும்.

வேலை பெரிதல்ல. ஒக்டோபரில் இரண்டு சனிக்கிழமை, நவம்பரில் ஒன்று. ஆறேழு வாலிபர், பற்றாசு வைக்கத் தெரிந்த ஒருவர், மின்வினைஞர் ஒருவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீருக்குப் போகும் முன், அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். நடைபாதை எத்தனை அடி அகலம், வெளிச் சொக்கட் எவ்வளவு தூரம், அதில் அந்த இரண்டு பொத்தானும் இருக்கிறதா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். வாலிபர் கூட்டத்தின் அடுத்த பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.